திறமை போதாதாம்!

“பெண்களுக்குத் திறமை போதாது” என்று ஒருவர் சொன்னால், அந்தப் பெண்களுக்கு இதுவரை என்ன கொடுத்துப் பார்த்துவிட்டு இந்தத் தீர்ப்பைச் சொல்லுகிறீர் என்று அவரைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்பது நமது வெகுநாளைய அபிப்பிராயம். பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு நேரான பதில் வராது. இயற்கை என்பார்கள், சரீர அமைப்பு என்பார்கள், முன்னோர் வழக்கம் என்பார்கள். ஆனால் அமெரிக்காவில் ஒரு சர்வகலாசாலையில் இந்தக் கேள்வி கோர்ட்டு வரைக்கும் போய், கணக்குப் புஸ்தகத்தை ஜட்ஜின் மேஜைமேல் வைத்துப் பதில் சொல்லியாக வேண்டிய நிலைமை ஏற்பட்டது. அந்த விவரம் நம் வாசகர்களுக்குத் தெரிய வேண்டியது என்று கருதி இங்கு எழுதுகிறோம். விஷயம் கோல்கேட் சர்வகலாசாலைப் பெண்கள் ஐஸ் ஹாக்கி கோஷ்டியைப் பற்றியது.

ஐஸ் ஹாக்கி என்றதும் நம் கிராமத்துத் தோழர்கள் திகைக்க வேண்டியதில்லை. நமக்கு ஐஸ் என்றால் சர்பத்துக் கடையில் உடைத்துப் போடுகிற கட்டிதான். குளிர் நாடுகளிலோ ஏரியும் குளமும் உறைந்து தரைபோல் ஆகிவிடும். அப்படிப்பட்ட தரையின்மேல், அடியில் கத்தி வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு, வளைந்த கோலால் ஒரு ரப்பர் வில்லையை அடித்துக் கோலுக்குள் தள்ளுகிற ஆட்டம் இது. ஒரு பக்கத்துக்குக் கோல் காப்பவரையும் சேர்த்து ஆறு பேர். இருபது இருபது நிமிஷமாக மூன்று பகுதி. இப்போது கொட்டகைக்குள் யந்திரத்தால் தண்ணீரை உறைய வைத்து ஆடுகிறார்கள். ஆகவே இதற்கு முதலில் வேண்டியது ஐஸ் தரை. அந்தத் தரை யாருடைய கையில் இருக்கிறதோ அவர்கள் விட்டால்தான் மற்றவர்கள் ஆட முடியும். இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். மேலே வரும் கதை முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

பெண்கள் இந்த ஆட்டத்தை நேற்று முந்தாநாள் கற்றுக்கொண்டவர்கள் அல்ல. கனடா தேசத்தில் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபுவின் குமாரத்தி இஸபெல் 1890-ம் வருஷ வாக்கிலேயே ஆட்டாவா நகரில் கோல் பிடித்து ஆடியிருக்கிறார். அந்தப் பிரபு கொடுத்த கோப்பைக்காக ஆண்கள் இன்றும் போட்டியிடுகிறார்கள். அவர் வீட்டுப் பெண் ஆடியதைச் சொல்லுவோர் சிலரே. அமெரிக்காவில் பிரவுன் சர்வகலாசாலையைச் சேர்ந்த பெம்ப்ரோக் பெண்கள் கலாசாலையில் 1964-ல் பெண்கள் கோஷ்டி ஏற்பட்டது. நிற்க.

நியூயார்க் ராஜ்யத்தின் நடுப்பகுதியில் ஹாமில்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே பாதிரிமார்களைத் தயார் செய்வதற்காக பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் 1819-ல் ஒரு ஸ்தாபனம் தொடங்கினார்கள். பதின்மூன்று பேர், பதின்மூன்று டாலர், பதின்மூன்று பிரார்த்தனை இவற்றோடு தொடங்கியது என்று அங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்ளுவது வழக்கம். பிரார்த்தனை எவ்வளவு தூரம் உதவியதோ, சோப்பு வியாபாரம் செய்த கோல்கேட் குடும்பத்தார் பணம் உதவியது மட்டும் நிச்சயம். ஏனென்றால் 1890-ல் அந்த ஸ்தாபனத்துக்கு அந்தக் குடும்பத்தின் பெயரையே வைத்தார்களேயொழியப் பிரார்த்தனையின் பெயரை வைக்கவில்லை. நம் ஊர்க் கடைகளில் பல் விளக்கும் பசைக் குழாயின்மேல் நாம் பார்க்கிற பெயரும் அதேதான்.

இந்தச் சர்வகலாசாலை ஆண்களோடு பெண்களையும் சேர்த்துப் பட்டத்துக்குப் படிக்க வைக்கத் தொடங்கியது 1970-ல்தான். வந்த பெண்கள் சும்மா இருக்கவில்லை. ஐஸ் ஹாக்கி ஆடச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். ஆனால் சங்கம் என்பது வேறு, சர்வகலாசாலையின் அங்கீகாரம் பெற்ற கோஷ்டி என்பது வேறு. அங்கீகாரம் பெற்ற கோஷ்டிக்குச் சம்பளம் வாங்கும் பயிற்சி ஆசிரியர், உடை, கோல், பூட்ஸ், பிரயாணச் செலவு, நல்ல நேரத்தில் ஐஸ் தரை எல்லாம் உண்டு. சங்கம் என்பதோ தாங்களே கூடித் தாங்களே செலவு செய்து, மிச்சமான நேரத்தில் ஆடிவிட்டுப் போவது. ஆண்களுடையது கோஷ்டி, பெண்களுடையது சங்கம்.

ஆகவே பெண்கள் 1979-ல் தங்களுக்கும் அங்கீகாரம் வேண்டும் என்று விண்ணப்பம் போட்டார்கள். நிராகரிக்கப்பட்டது. 1983-ல் மறுபடியும் போட்டார்கள். நிராகரிக்கப்பட்டது. 1986-லும் அதுவே, 1988-லும் அதுவே. ஒரு விண்ணப்பம் போட்ட பெண் படித்து முடித்துப் போய்விட, அவளுக்குப் பின் வந்தவள் அடுத்த விண்ணப்பத்தைப் போட, அவளும் போய்விட, இப்படியே ஒன்பது வருஷம் சென்றது. பதின்மூன்று பிரார்த்தனைக்குச் செவி சாய்த்ததாகச் சொல்லப்படுகிறவர் இந்த நான்கு விண்ணப்பத்துக்கு ஏன் சாய்க்கவில்லை என்று கேட்டால் பாதிரிமார் கோபித்துக்கொள்ளுவார்கள், நாம் கேட்கவில்லை.

நிர்வாகிகள் காரணம் சொல்லாமல் நிராகரிக்கவில்லை. படித்தவர்கள் அல்லவா! பல காரணங்கள் சொன்னார்கள். பள்ளிக்கூடங்களில் பெண்கள் இந்த ஆட்டத்தை ஆடுவது அபூர்வம் என்றார்கள். பெண்களுக்கென்று தேசியக் கலாசாலைப் பந்தயம் நடப்பதில்லை என்றார்கள். கிழக்குப் பிரதேசத்தில் சுமார் பதினைந்து கலாசாலைகளில்தான் பெண்கள் ஆடுகிறார்கள் என்றார்கள். செலவு அதிகம் என்றார்கள். மாணவர்களிடையே உற்சாகம் இல்லை என்றார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியாக, சங்கத்தில் உள்ள பெண்களுக்குத் திறமை போதாது என்றும் சொன்னார்கள்.

இந்தக் காரணங்களின் யோக்கியதையைக் கொஞ்சம் பார்ப்போம். பெண்களுக்குத் தேசியப் பந்தயம் இல்லை, ஆதலால் கோஷ்டி கிடையாது என்கிறார் ஒரு நிர்வாகி. பந்தயம் நடத்துகிறவரைக் கேட்டால், போதுமான கோஷ்டிகள் இல்லை, ஆதலால் பந்தயம் கிடையாது என்பார். பள்ளிக்கூடத்துக்காரரைக் கேட்டால், கலாசாலையிலேயே இல்லாத ஆட்டத்துக்கு இங்கே எதற்கு என்பார். ஒருவர் தோளை மற்றவர் காட்டி மூவரும் தப்பித்துக்கொள்ளுகிறார்கள். நடுவில் நிற்கும் பெண்ணுக்கு மட்டும் போக்கிடம் இல்லை. ஆண்கள் கலாசாலைப் பந்தயம் 1948-லேயே தொடங்கிவிட்டது. அதே தேசியச் சங்கம் பெண்கள் பந்தயத்தை நடத்தியது 2001-ல். ஐம்பத்து மூன்று வருஷ இடைவெளியை உண்டாக்கியவர்கள் அந்த இடைவெளியையே காரணமாகக் காட்டுவது, குளத்தில் இறங்கவிடாமல் கரையிலேயே கட்டிப்போட்டுவிட்டு இவனுக்கு நீந்தத் தெரியவில்லை பார் என்று சொல்லுவதைத் தவிர வேறென்ன?

திறமை என்கிற காரணத்தைப் பற்றிக் கணக்குப் புஸ்தகமே பேசட்டும். 1990-91-ம் வருஷத்தில் கோல்கேட் ஆண்கள் ஐஸ் ஹாக்கிக்கு ஆன செலவு சுமார் 2,38,000 டாலர். பெண்கள் சங்கத்துக்குக் கொடுத்தது 4,600 டாலர். அதாவது ஆண்களுக்கு ஐம்பது டாலர் செலவானால் பெண்களுக்கு ஒரு டாலர்! ஒரு பிள்ளைக்கு ஐம்பது கவளம் ஊட்டி, இன்னொரு பிள்ளைக்கு ஒரு கவளம் ஊட்டிவிட்டு, இரண்டையும் நிறுத்தி எடை போட்டு, இரண்டாவது பிள்ளை பிறவியிலேயே நோஞ்சான் என்று சொல்லுகிற தாயை என்னவென்று சொல்லுவீர்களோ, அதையே இந்த நிர்வாகிகளையும் சொல்லிக்கொள்ளுங்கள்.

அந்த ஐம்பது கவளம் வீண் போகவில்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். 1990-ம் வருஷம் கோல்கேட் ஆண்கள் கோஷ்டி தேசியப் பந்தயத்தின் கடைசி ஆட்டம் வரைக்கும் சென்று, விஸ்கான்ஸின் சர்வகலாசாலையிடம் தோற்றது. சிற்றூர்க் கலாசாலைக்கு அது பெரிய கீர்த்தியே. அதே 1990-ல்தான் பெண்கள் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து பேர் விண்ணப்பம் போட்டது போதும் என்று கோர்ட்டுக்குப் போனார்கள்.

அவர்கள் கையில் இருந்த ஆயுதம் ஒரு சட்டம். அமெரிக்க மத்திய சர்க்காரிடம் பணம் வாங்கும் எந்தக் கல்வி ஸ்தாபனத்திலும் ஆண் பெண் என்கிற காரணத்தால் ஒருவரையும் விலக்கவோ குறைத்து நடத்தவோ கூடாது என்று 1972-ல் செய்யப்பட்ட சட்டம் அது. “ஒன்பதாவது தலைப்பு” என்று அதற்குப் பெயர் வழங்குகிறது. சட்டம் 1972-ல் வந்திருக்க, விண்ணப்பங்கள் 1988 வரை நிராகரிக்கப்பட்டது எப்படி என்று வாசகர்கள் கேட்கலாம். சட்டம் காகிதத்தில் ஏறினால் அது நடந்துவிடும் என்று எண்ணுவது தவறு. 1984-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சர்க்கார் பணம் எந்த இலாகாவுக்கு நேராகப் போகிறதோ அந்த இலாகாவுக்கு மட்டுமே இந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லி அதன் பல்லைப் பிடுங்கியது. ஸ்தாபனம் முழுவதற்கும் செல்லும் என்று 1988-ல் காங்கிரஸ் மறுபடியும் சட்டம் செய்தது. ஜனாதிபதி ரீகன் அதை மறுத்தார். அந்த மறுப்பையும் தள்ளிச் சட்டம் நிறைவேறியது. அதன் பிறகுதான் பெண்களுக்குக் கோர்ட்டு வாசல் நன்றாகத் திறந்தது.

1992-ல் கோர்ட்டு பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிற்று. பணம், உடை, பிரயாணம், பயிற்சி நேரம், உடை மாற்றும் அறை முதலியவற்றை ஜட்ஜ் ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டார். ஆட்டத்தில் சமமாக நடத்தப்படுவது ஒரு ஆடம்பரம் அல்ல என்றும், பணக் கஷ்டம் என்பது பாகுபாட்டுக்குச் சமாதானம் ஆகாது என்றும் கருத்துப்பட எழுதினார். 1993-94 முதல் பெண்களுக்கு அங்கீகாரம் கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவாயிற்று.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சர்வகலாசாலை அப்பீல் செய்தது. 1993-ல் அப்பீல் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. பெண்கள் கேட்டது நியாயமில்லை என்று சொல்லி அல்ல! வழக்குப் போட்டவர்கள் தங்களுக்காக மட்டும் போட்டார்கள். தீர்ப்பு அமுலுக்கு வருவதற்குள் அவர்களில் கடைசிப் பெண்களும் படிப்பை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே பரிகாரம் பெற ஆள் இல்லை என்று காரணம் சொன்னார்கள். கோர்ட்டு முறைப்படி அது சரியாகவே இருக்கலாம். நாம் சட்டம் படித்தவர்கள் அல்ல. ஆனால் படிக்கிற நாலு வருஷத்தைக் கடத்திவிட்டால் கேட்கிறவள் போய்விடுவாள் என்கிற தந்திரம் 1979 முதல் விண்ணப்பத்துக்கு எப்படிப் பலித்ததோ, அப்படியே வழக்குக்கும் பலித்தது என்பது மட்டும் நமக்கு விளங்குகிறது.

அதற்குப் பிறகு வந்த மாணவிகள் என்ன செய்தார்கள் என்பதுதான் நாம் மெச்ச வேண்டியது. முன் போனவர்களின் கதியைப் பார்த்துப் பயந்துவிடாமல், திரும்பவும் முதலிலிருந்து வழக்குத் தொடர்ந்தார்கள். தாங்கள் ஒரு நாளாவது அங்கீகாரம் பெற்ற கோஷ்டியில் ஆடுவோமா என்பது சந்தேகமாயிருந்தும் தொடர்ந்தார்கள். 1997-ல் சர்வகலாசாலை ராஜிக்கு வந்தது. பெண்கள் ஐஸ் ஹாக்கிக்கு அங்கீகாரம் கொடுக்க ஒப்புக்கொண்டது. முதல் விண்ணப்பத்துக்குப் பதினெட்டு வருஷம் கழித்து!

அதற்குள் வெளியுலகமும் மாறிக்கொண்டு வந்தது. 1990-ல் பெண்களுக்கான முதல் உலகப் பந்தயம் ஆட்டாவாவில் நடந்தபோது கனடா பெண்களுக்கு ரோஜா நிறத்தில் உடை போட்டு அனுப்பினார்கள். ஆட வந்தவர்கள் பெண்கள் என்பதைப் பார்க்கிறவர்கள் மறந்துவிடக் கூடாதாம்! 1994-ல் மின்னஸோட்டா ராஜ்யம் உயர்தரப் பள்ளிகளில் பெண்கள் ஹாக்கியை அங்கீகரித்தது. 1998-ல் ஒலிம்பிக் பந்தயத்தில் பெண்கள் ஐஸ் ஹாக்கி சேர்க்கப்பட்டது. கோல்கேட் நிர்வாகிகள் சொன்ன காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இப்படி உதிர்ந்து போயின. மிஞ்சியது திறமை ஒன்றுதான்.

அந்தத் திறமை என்னவாயிற்று என்று பார்ப்போம். 2001-02 முதல் கோல்கேட் பெண்கள் முதல் வகுப்புக் கோஷ்டிகளோடு ஆடத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் அடிமேல் அடி வாங்கினார்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. 2012-ல் கிரெக் ஃபார்கோ என்பவர் பயிற்சி ஆசிரியராக வந்தார். 2016-ல் புதிய ஐஸ் கொட்டகை திறக்கப்பட்டது. 2018-ல், தேசியப் பந்தயத்துக்கு முதல்முறையாகத் தகுதி பெற்ற அந்த வருஷமே, அவர்கள் அரை இறுதிக்கு வந்துவிட்டார்கள். எதிரில் நின்றது விஸ்கான்ஸின். 1990-ல் கோல்கேட் ஆண்கள் யாரிடம் தோற்றார்களோ அதே விஸ்கான்ஸின்! சமமாக முடிந்து, அதிக நேரம் கொடுத்து, அதிலும் சமமாகி, இரண்டாவது அதிக நேரத்தில் கோல்கேட் பெண்கள் 4-3 என்று ஜெயித்தார்கள். இரண்டு நாள் கழித்து நடந்த இறுதி ஆட்டத்தில் கிளார்க்ஸன் சர்வகலாசாலையிடம் 2-1 என்று, அதுவும் அதிக நேரத்தில்தான், தோற்றார்கள். பிறகு 2021, 2022, 2023 ஆகிய மூன்று வருஷமும் தங்கள் பிரதேசப் பந்தயத்தில் சாம்பியன் பட்டம் பெற்றார்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, “திறமை காட்டினார்கள், இடம் கிடைத்தது; இனி யாரும் அசைக்க முடியாது” என்று யாராவது முடிவு கட்டினால் அது பெரிய தவறாகும். திறமை காட்டியும் இடம் பறிபோன கதை ஒன்று இருக்கிறது. நார்த் டக்கோட்டா சர்வகலாசாலையில் 2002 முதல் பெண்கள் கோஷ்டி இருந்தது. 2012, 2013 இரண்டு வருஷமும் தேசியப் பந்தயத்துக்குச் சென்றது. மின்னஸோட்டா பெண்கள் தொடர்ந்து 62 ஆட்டம் ஜெயித்து யாராலும் வெல்ல முடியாது என்று பெயர் எடுத்திருந்தபோது, 2013 நவம்பரில் அந்தத் தொடரை அறுத்தவர்கள் இந்த நார்த் டக்கோட்டாப் பெண்கள்தான். அவர்களுக்குத் திறமை போதாது என்று எந்த நிர்வாகியும் சொல்ல முடியாது. ஆகவே வேறு காரணம் சொன்னார்கள். பணமில்லை என்றார்கள். 2017 மார்ச்சு 29-ல் அந்தக் கோஷ்டியை எடுத்துவிட்டார்கள். நீச்சல் கோஷ்டிகளும் கூடவே போயின. நூறு மில்லியன் டாலருக்கு மேல் செலவு செய்து 2001-ல் கட்டிய கொட்டகையும், அதில் ஆடும் ஆண்கள் ஹாக்கி கோஷ்டியும் அப்படியே இருந்தன.

இதில் ஒரு வேடிக்கை. அதே மார்ச்சு மாதத்தில் அமெரிக்க தேசியப் பெண்கள் கோஷ்டி, தங்களுக்கு நியாயமான ஊதியமும் சௌகரியமும் கொடுக்காவிட்டால் உலகப் பந்தயத்தில் ஆடமாட்டோம் என்று வேலை நிறுத்தம்போல் அறிவித்தது. அவர்களுக்குப் பதில் ஆட ஆள் தேடியும் உடைக்க முடியவில்லை. 28-ந் தேதி ராஜியாயிற்று. அந்தக் கோஷ்டியில் நார்த் டக்கோட்டாவில் படித்த ஜோஸலின், மோனிக் லாமரூ என்கிற இரட்டைச் சகோதரிகள் இருந்தார்கள். தேசத்துக்காக ஜெயித்த மறுநாளே தாங்கள் ஆடிய கோஷ்டி கலைக்கப்பட்ட செய்தி அவர்களுக்கு வந்தது. பதினொரு மாதம் கழித்து, 2018 பிப்ரவரியில், ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் கனடாவுக்கு எதிராகச் சமன் செய்த கோலைப் போட்டவர் மோனிக். ஆட்டம் சமமாகவே முடிந்து, ஒவ்வொருவராகக் கோல் காப்பவரை எதிர்த்து அடிக்கும் முறையில் வெற்றிக் கோலைப் போட்டவர் ஜோஸலின். இருபது வருஷத்துக்குப் பிறகு அமெரிக்காவுக்கு அந்தத் தங்கப் பதக்கத்தை வாங்கிக் கொடுத்தவர்கள், வரவு செலவுத் திட்டத்தில் அடிக்கப்பட்ட ஒரு கோஷ்டியில் ஆடினவர்கள்.

எனவே திறமையைக் காட்டினால் உரிமை தானாக வரும் என்பதை நாம் ஒப்ப முடியாது. கோல்கேட் பெண்கள் திறமையைக் காட்டி உரிமையைப் பெறவில்லை. உரிமையைப் பெற்ற பிறகே திறமையைக் காட்ட முடிந்தது. நார்த் டக்கோட்டாப் பெண்கள் திறமையைக் காட்டியும் தயவை நம்பியிருக்க வேண்டியதாயிற்று. அவர்களும் பின்னர் வழக்குப் போட்டார்கள். கீழ்க் கோர்ட்டு தள்ளியது. 2021-ல் அப்பீல் கோர்ட்டு அது தவறு என்று சொல்லி வழக்கை மறுபடியும் உயிர்ப்பித்தது. ஆண்களுக்கு உடம்போடு உடம்பு மோதும் ஆட்டம் ஒன்றில் கோஷ்டி வைத்திருக்கும் ஸ்தாபனம், பெண்களுக்கு அதே ஆட்டத்தில் ஏன் இல்லை என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியதுண்டு என்பதே அங்கே கிளம்பிய விவகாரம்.

“மோதும் ஆட்டம் என்கிறீர்கள்; பெண்கள் ஆட்டத்தில் வேண்டுமென்று உடம்பால் இடித்துத் தள்ளக் கூடாது என்று விதி இருக்கிறதே, அதுவே அவர்கள் மெலிந்தவர்கள் என்பதற்குச் சாட்சியல்லவா?” என்று ஒரு நண்பர் நம்மைக் கேட்டார். 1990 உலகப் பந்தயத்தில் அப்படி இடிப்பதற்கு அனுமதி இருந்தது. பெண்கள் இடித்துக்கொண்டும்தான் ஆடினார்கள். பிறகு விதி வகுக்கிறவர்கள் அதை எடுத்துவிட்டார்கள். இடிப்பது பலமென்றால் நம் ஊர்த் தேர்த் திருவிழாவில் இடிபடுகிறவர்கள் எல்லாரும் பயில்வான்களாக வேண்டும்.

கோல்கேட்டுக்குத் திரும்புவோம். ஹாமில்டனிலிருந்து சுமார் முப்பது மைலில் யூட்டிக்கா என்கிற நகரம் இருக்கிறது. 2024 ஏப்ரலில் பெண்கள் உலகப் பந்தயத்தின் இறுதி ஆட்டம் அங்கே நடந்தது. கனடாவும் அமெரிக்காவும் ஆளுக்கு ஐந்து கோல் போட்டுச் சமமாக நிற்க, அதிக நேரத்தில் ஆறாவது கோலைப் போட்டுக் கனடாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த டானியல் ஸெர்டாக்னி, கோல்கேட் கோஷ்டியில் ஆடினவர். சில வாரங்கள் கழித்து, சம்பளத்துக்கு ஆடும் பெண்கள் ஹாக்கிச் சங்கம் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது அவரை இரண்டாவதாக எடுத்தார்கள். 2025-ல் அதே தேர்வில் எல்லாருக்கும் முதலாவதாக எடுக்கப்பட்டவர் கிறிஸ்டினா கல்டௌன்கோவா. செக் தேசத்துப் பெண். ஐரோப்பாவிலிருந்து வந்து அந்த முதல் ஸ்தானத்தைப் பெற்றவர் அவருக்கு முன் ஒருவருமில்லை. அவர் படித்து ஆடியதும் கோல்கேட்டில்தான்.